குரலைப் பற்றி ஒரு கேள்வி

செஷன்ஸ் கோர்ட்டின் மத்தியான நேரம் உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் யாரும் முழுதாக வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். மேலே விசிறி சுற்றும். சன்னல் கம்பி வழியாக இறங்கிய வெயில் தரையில் கோடு கோடாகக் கிடக்கும். வெளியே திருச்செங்கோடு போகிற பஸ்ஸின் ஹாரன், ஏதோ வேறொரு ஊரில் கேட்கிற சத்தம் மாதிரி வந்து போகும். என் வாழ்நாளின் பெரும்பகுதி கொலை வழக்குகளில், இப்படிப்பட்ட நேரங்களில்தான் கழிந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லா வழக்கும் சேர்ந்து ஒரே நீண்ட மத்தியானமாகத் தெரிகிறது. முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. யார் எந்தக் கூண்டில் நின்றார்கள் என்பதுகூடக் குழம்புகிறது.

ஒரே ஒரு மத்தியானம் மட்டும் கரையவில்லை.

வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். சட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. கொலைக்கு முந்நூற்று இரண்டு என்று நான் சொன்னால், நீங்கள் மனதுக்குள் புது எண்ணைத் தேடுவது முகத்திலேயே தெரிகிறது. அதனால் அந்த மத்தியானத்தையே சொல்லிவிடுகிறேன்.

முருகேசன் சங்ககிரியில் லாரி டிரைவர். அவருடைய ஒரே தங்கை தனம். தனத்தை மல்லசமுத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் தனத்தின் கணவர் பழனிவேல். இரண்டு பிள்ளைகள். கடும் கோடையில் ஒருநாள், கேரளாவில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய முருகேசன், லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பண்ணைக்குள் நடந்து போனார். சற்று நேரத்தில் பழனிவேல் தீவன அறையில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். முருகேசன் கையில் இரும்புக் குழாயோடு வெளியே வந்ததைப் பக்கத்துக் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்தார். முருகேசன் ஓடவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

போலீஸ் தரப்புக் கதை சுருக்கமானது. தங்கை கணவனுக்கும் மச்சானுக்கும் ஏற்கெனவே ஆகாது. சில மாதங்களுக்கு முன் முருகேசன் தங்கையைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பி அனுப்பி வைத்தார்கள். அந்தக் கோபத்தில், தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவரைப் பின்னால் வந்து அடித்துக் கொன்றார் என்பது வழக்கு. நேரில் பார்த்த ஒரே சாட்சி தனம். கணவனை அண்ணன் அடித்ததைப் பார்த்ததாகப் போலீசிடம் சொல்லியிருந்தார்.

நான் முருகேசனுக்கு வக்கீல். சேலத்தில் சிறைக்குப் போய் அவரைப் பலமுறை பார்த்தேன். எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

“அடிச்சது நாந்தானுங்க வக்கீலம்மா. அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க.”

எதற்காக அடித்தீர்கள் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார். பண்ணைக்கு எதற்குப் போனீர்கள் என்றால், தங்கையைப் பார்க்க என்பார். தங்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகும். கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் நின்று அவள் கூப்பிட்டால், ரோட்டில் போகிற லாரிக்குள் இருக்கிற தனக்குக் கேட்கும் என்று ஒருமுறை சொன்னார். “எங்க பாப்பாவுக்கு அப்படியொரு தொண்டைங்க” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிறையில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

எங்கள் தரப்பில் எல்லோரும் நம்பியிருந்தது ஒன்றை மட்டும்தான். தனம் கூண்டில் ஏறி அண்ணனுக்கு எதிராக எதுவும் சொல்ல மாட்டார் என்று முருகேசனின் உறவுக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர்களிடம் நான் எதுவும் ஏற்பாடு செய்யச் சொல்லவில்லை. அரசுத் தரப்புச் சாட்சியை நான் போய்ப் பார்க்கவும் கூடாது, பார்க்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அன்று மத்தியானம் கோர்ட்டில்தான்.

முன் பெஞ்சில் பழனிவேலின் அப்பா உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். தோளில் துண்டு, மடியில் கைகள். மகன் செத்ததிலிருந்து ஒரு வாய்தா விடாமல் வந்தவர். தனமும் பிள்ளைகளும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். அன்று அவரோடுதான் வேனில் வந்து இறங்கினார் தனம்.

கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்க ஆரம்பித்தார். சம்பவத்தன்று என்ன பார்த்தீர்கள்?

“நான் ஊட்டுக்குள்ள சமச்சுக்கிட்டு இருந்தனுங்க. ஒன்னும் பாக்கலீங்க.”

நீதிபதி, சத்தமாகச் சொல்லும்மா என்றார். அவர் மறுபடி சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. டவாலி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னார். காய்ந்த சோளத்தட்டையை இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது அந்தக் குரல். சில எழுத்துகளில் சத்தமே இல்லை, காற்று மட்டும் வந்தது.

சாட்சிகளுக்குப் பயத்தில் குரல் அடைக்கும். அது நாம் தினமும் பார்ப்பதுதான். அங்கிருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். பிறகு எப்போது என் கை நின்றது என்று தெரியவில்லை. அவர் சொல்வது என் காதில் விழவில்லை. அந்தக் குரல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டில் போகிற லாரிக்குள் கேட்கிற தொண்டையா இது?

அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்து, போலீசிடம் சொன்னதைப் படித்துக் காட்டி மடக்கப் பார்த்தார். தனம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அரசு வக்கீல் சலிப்போடு உட்கார்ந்தார். நேரில் பார்த்த ஒரே சாட்சி அரசுத் தரப்பைக் கைவிட்டுவிட்டார். எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் ஜூனியர் ஃபைலை மூடிக் கட்டவே ஆரம்பித்துவிட்டார். நீதிபதி என்னைப் பார்த்து, குறுக்கு விசாரணை இல்லைதானே என்று கேட்டார். இல்லை என்று எழுத அவர் பேனா பாதி தூரம் போயிருந்தது.

நான் எழுந்து நின்றிருந்தேன். எழுந்தது எனக்கு நினைவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். என் சீனியர் சாந்தமான மனிதர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாக இருப்பார். விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்டுவிட்டு நான் வந்தால், அன்று முழுக்க என்னோடு பேச மாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நம்மில் பலர் வழக்கைத் தோற்பது கேட்காமல் விட்ட கேள்வியால் அல்ல, கேட்டுவிட்ட கேள்வியால்தான். உங்களுக்கும் நான் அதையேதான் சொல்வேன். நமக்குச் சாதகமாகப் பேசிவிட்ட சாட்சியிடம் வாய் திறக்கவே கூடாது.

ஆனால் அன்று நான் வேறொரு கணக்கையும் பார்த்தேன். தனம் எதையும் பார்க்கவில்லை என்று அப்படியே விட்டால் என்ன மிஞ்சும்? கடலைக்காட்டுக்காரர் மிஞ்சுவார். குழாய், சட்டையில் இருந்த ரத்தம், பழைய பகை எல்லாம் மிஞ்சும். அவற்றை வைத்தே ஒரு நீதிபதி தண்டனை கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், இந்த மனிதன் ஏன் அடித்தான் என்று சொல்ல வழக்குக் கட்டில் ஒரு வார்த்தைகூட இருக்காது. காப்பாற்றுவதாக நினைத்துத் தங்கை சொன்ன பொய், அண்ணனுக்கு இருந்த ஒரே கதவையும் அடைத்துவிடும்.

குரலைப் பற்றிக் கேட்டால்? சளி பிடித்திருக்கிறது என்று தனம் சொல்லிவிடலாம். அல்லது பயந்துபோய், ஆமாம், உட்கார்ந்திருந்தவரை அண்ணன்தான் அடித்தார் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் முருகேசன் ஆயுளை நானே முடித்துவைத்தவள் ஆவேன். முருகேசனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவகாசம் வாங்கினால், தனம் கூண்டைவிட்டு இறங்கி உறவுக்காரர்கள் நடுவே போய்விடுவார். அதற்கப்புறம் இந்தக் குரல் ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு பதில் தயாராகிவிடும்.

இவ்வளவையும் நான் வரிசையாக யோசித்ததாக நினைக்காதீர்கள். இதெல்லாம் பிறகு வந்த விளக்கம். அப்போது எனக்குத் தெரிந்தது தரையில் கிடந்த வெயில் கோடுகளும், நெடுந்தூரத்தில் நிற்பது போலத் தெரிந்த அந்தப் பெண்ணும்தான். கூண்டுக்கும் எனக்கும் நடுவே எப்போதும் இருக்கும் இடம்தான். அன்று மட்டும் அது நீண்டுகொண்டே போவது போலிருந்தது. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஜூனியர் என் கவுனைத் தொட்டு, மேடம் வேண்டாம் என்றார்.

நான் கேட்டேன். “உங்க குரல் எப்பவும் இப்படித்தானாம்மா?”

அரசு வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். டைப் அடிப்பவரின் விரல்கள் நின்றன. தனம் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். எதிர்க் கூண்டில் முருகேசன் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. “வேண்டாம் சாமி” என்று தங்கையிடம் சொல்லவும் செய்தார். கெஞ்சுகிற மாதிரி, மிகவும் தணிந்த குரலில். நீதிபதி அவரைப் பேசக் கூடாது என்று எச்சரித்தார்.

பிறகு தனம் மாமனாரைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க.”

“எப்ப இருந்து இப்படி?”

“எங்க ஊட்டுக்காரரு செத்த அன்னைக்கிருந்துங்க.”

“என்னம்மா ஆச்சு?”

சொன்னார். விட்டுவிட்டு, தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னார். வெயில் தாங்காமல் கோழிகள் சாகிற காலம் அது. பகலில் ஷெட் கூரைமேல் தண்ணீர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குள் இருந்த தனம் மோட்டாரைப் போட மறந்துபோனார். ஒரு ஷெட்டில் கோழிகள் சுருண்டு விழுந்துவிட்டன. வெளியே போயிருந்த பழனிவேல் வந்து பார்த்தார். மோட்டாரைப் போட்டார். தனத்தைத் தீவன அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். மூட்டைகளுக்கு நடுவே தள்ளி, நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார்.

“பொறவு ஒன்னும் வலிக்கலீங்க. கூர மேல தண்ணி உழுகற சத்தந்தான் கேட்டுது. நல்ல மழ பேயுதுன்னு நெனச்சனுங்க. புள்ளைக்கு நனையாம இருக்கோணுமேன்னு நெனச்சன். அப்பறம் வாசல்ல எங்கண்ணன் காலு தெரிஞ்சுது.”

ஒரு அடி. கழுத்தைப் பிடித்திருந்த கைகள் அதற்கப்புறம்தான் விட்டன.

முருகேசன் கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அரசு வக்கீல் எழுந்து, இதை ஏன் போலீசில் சொல்லவில்லை, சற்று முன்புகூட ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார். அது அவருடைய கடமை. போலீஸ் வந்தபோது தனக்குப் பேச்சே வரவில்லை என்றார் தனம். யார் அடித்தது என்று கேட்டார்கள், அண்ணனா என்றார்கள், தலையை ஆட்டினேன் என்றார். இங்கே பொய் சொன்னது அண்ணன் சொல்லி அனுப்பியதால். பிள்ளைகள் அப்பாவைப் பற்றி அப்படிக் கேள்விப்பட்டு வளரக் கூடாதென்று அண்ணன் நினைத்தார் என்றார். அதோடு இறக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் கோர்ட் கலைந்து நான் வெளியே வந்தபோது, தனம் வளாகத்துப் புளியமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அண்ணன் பக்கத்து உறவுகள் ஒருபுறம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. நான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவர் எந்த வீட்டுக்குப் போவார்? பிள்ளைகள் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். செத்துப்போன மகனைப் பற்றி, அந்த மாமனார் முன்னால், ஊரே கேட்கச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார்.

வேன் மெதுவாக வந்து மரத்தடியில் நின்றது. மாமனார் இறங்கினார். தனம் பின்னால் ஓரடி நகர்ந்தார். பெரியவர் வேன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை இழுத்துத் திறந்தார்.

“புள்ளைக பள்ளிக்கொடத்துல இருந்து வந்திருக்கும். ஏறு சாமி.”

தனம் ஏறினார். பெரியவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். வேன் கேட்டைத் தாண்டிப் போகும்வரை நான் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வெயில் தாழ்ந்து, புழுதியெல்லாம் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தன் மகனைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வழக்கு அதன் பிறகும் நடந்தது. விசாரணை அதிகாரி சாட்சி சொல்ல வந்தபோது, தனத்திடம் வாக்குமூலம் வாங்க ஏன் சில நாட்கள் ஆயின என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை, அதிர்ச்சி என்று நினைத்தேன் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். தனம் சொன்னதற்கு அது துணை நின்றது. பெரியவர் அதற்கப்புறம் கோர்ட்டுக்கு வரவில்லை. இன்னொருவர் உயிரைக் காக்க அடித்த அடி என்று ஏற்று நீதிபதி முருகேசனை விடுதலை செய்தார்.

நீங்கள் இதை ஒரு வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் மீதியையும் சொல்கிறேன்.

விடுதலையான சில நாட்களில் முருகேசன் என் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பூச்சட்டிகளுக்கு ஜூனியர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நீங்க கேட்டிருக்க வேண்டாமுங்க.”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“நான் உள்ள இருந்திருப்பனுங்க. எனக்கு அது பெரிசில்ல. அத்தன பேரு முன்னால பாப்பா அதச் சொல்ற மாதிரி ஆயிப்போச்சு. அந்தப் புள்ளைக அவங்கப்பனக் கும்புட்டுட்டு வளந்திருக்கும்.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை முருகேசன் என்றேன். உங்களைத் தப்புச் சொல்லவில்லை என்றார். போய்ட்டு வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் பேசியதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் சொன்னது சரியா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நம்முடைய கட்சிக்காரர் சொல்ல வேண்டாம் என்று நினைத்ததை நாம் சொல்ல வைக்கலாமா? அவர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்பதற்காக, கூண்டில் நிற்கிற இன்னொருவரின் வாழ்க்கையைத் திறந்து போடலாமா? சட்டப் புத்தகம் ஒரு பதில் சொல்லும். தூக்கம் வருவதற்கு முன்னால் உங்களுக்கே தோன்றும் பதில் வேறாக இருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்தத் தொழிலைச் செய்தாக வேண்டும்.

நான் வேலையை விட்ட பிறகு ஒருநாள் காலையில் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, காரை அந்தப் பண்ணைப் பாதையில் திருப்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. முட்டை அட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தனம் நடுவில் நின்று அதை இங்கே வை, இதை அங்கே வை என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். பண்ணை இப்போது அவர் பொறுப்பில். மாமனார் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் இருக்கும்போதே பண்ணையைத் தனத்திடம் விட்டுவிட்டாராம்.

என்னை அடையாளம் கண்டுகொண்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார். காற்றில் தீவன வாசனை. காய்ந்த வயல்களுக்கு அப்பால் கொல்லிமலை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி வெளுத்துக் கிடந்தது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். மூத்தவள் காலேஜ் போகிறாள் என்றார். நான் கேட்காமலே, “அவளுக்கு நானே சொல்லிட்டனுங்க, எல்லாத்தையும்” என்றார். அண்ணன் வருவாரா என்றேன். வருவான், பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக்கொண்டு வருவான், உட்காராமல் போய்விடுவான் என்றார்.

கடைசியில் நானே கேட்டேன். அன்று நான் கேட்டது உங்களுக்குக் கஷ்டமாகிவிட்டதா?

வேன்காரர் கூப்பிட்டார், தனம் இரு என்று கையைக் காட்டினார்.

“போலீசு யாரு அடிச்சான்னு கேட்டாங்க. எங்கம்மா ஊட்டுல, அண்ணன எப்படி வெளிய கொண்டாரதுன்னு கேட்டாங்க. இங்க, உங்கண்ணன் எதுக்கு வந்தான்னு கேட்டாங்க. எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, அது வேற யாருக்கோ நடந்த மாதிரி ஆயிப்போச்சுங்க. நீங்க என் தொண்டையப் பத்திக் கேட்டீங்க பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. செத்தது அவரு, ஜெயிலுக்குப் போனது அண்ணன். நடுவுல எனக்கும் ஒன்னு நடந்திருக்குதுன்னு.”

சொல்லிவிட்டு எழுந்து, முட்டை ஏற்றுகிறவர்களை நோக்கிப் போனார்.